இரண்டு பக்கமும் அறுக்கும்

எந்தப் புத்தகத்தை முதலில் படிப்பது என்று மாணவத் தோழர்கள் கேட்டால் நான் பாமாவின் 'கருக்கு' என்றுதான் சொல்வது. 1992இல் வந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. இது என்ன தமிழ் என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். எங்கம்மா பேசுற பேச்சு அச்சில் ஏறியிருக்கே, எனக்கு அது போதும். தெருப் பெரியவர் ஒருத்தர் வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சின்னப்பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணம் சொல்கிறான். அப்புறம் சிரிப்பு வருமா?

அது ஒரு பக்கம். மறுபக்கத்தை எனக்குக் காட்டியது வேறு புத்தகங்கள். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில் காத்தமுத்து நம்ம சனத்துக்காகத் துணிந்து பேசுகிற தலைவர். அடிபட்டு நியாயம் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்த விதவை தங்கத்தையும் அவரே பெண்டாட்டியாக்கிக்கொள்கிறார். மகள் கௌரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் எங்க தெருவில் சண்டை வந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளுக்குத்தான். 1994இல் வந்த நாவல். சேரிக்கு வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம்தான் கதையே. துணி வெளுக்கணும், பிள்ளைப்பேறு பார்க்கணும், சாவு வீட்டுக்கு ஓடணும், களத்தில் தூற்றணும். கூலி? வீடுவீடாகப் போய் வாங்குகிற ராச்சோறும், களத்தில் மனசு வந்து அள்ளிப்போடுகிற தானியமும். ஆண்டைகளின் தெரு அதில் எங்கோ தூரத்தில் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் நிற்பது நாம்தான்.

இரவுப் பள்ளியில் வாரம் ஒருநாள் உரக்கப் படிப்போம். மூன்றாவது வாரமே ஒரு தோழர் எழுந்துவிட்டார். "இதெல்லாம் வெளிய வரலாமா? எதிரி கையில நாமே கத்தி எடுத்துக் குடுத்த மாதிரி ஆவாதா?" அவர் கோபத்தை லேசாக நினைக்க முடியாது. ஊர்க்காரன் ஒருத்தன் 'உங்களுக்குள்ளயே இருக்கே' என்று சொல்லித் தப்பிக்கிறதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்குப் பதிலை அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். லாகூரில் பேச எழுதி, பேச முடியாமல் போய், சொந்தச் செலவில் அச்சடித்தாரே 'சாதியை ஒழிக்கும் வழி', அதில் இருக்கிறது. சாதி என்பது படிக்கட்டு. ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்கக் கீழே ஒரு படி விட்டுவைத்திருக்கிறது. அது போய்விடுமே என்கிற பயத்தில்தான் ஒன்றுசேர மாட்டேன் என்கிறான். ஆக, நமக்குள் இருக்கிற படியும் கட்டினவன் கட்டினதுதான். அதை நாம் ஏன் காவல் காக்கணும்? அரசுப் பட்டியலில் புதிரை வண்ணாரும் எஸ்.சி.தான். அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் வர 2009 ஆயிற்று.

வாக்குவாதம் நடந்தபோது எங்க தெருவுக்கு வெளுக்கிற அக்கா வாசலோரம் நின்றிருந்தார். (நான் அக்கா என்று எழுதுகிறேன். தெருவில் பல்லு முளைக்காத பயல்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.) சத்தம் அடங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார்: "ராச்சோத்துக்குப் போறப்ப நாய் தொரத்துறதையும் எழுதியிருக்காரா?"

யாரும் பதில் சொல்லவில்லை. தோழர் உட்கார்ந்துவிட்டார். அவர் மனசு மாறியது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை உண்டு.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை, வேலை. மிச்சக் கதையைக் கேட்டுவரச் சொல்லி மகனை அனுப்பியிருந்தார். பையன் படியிலேயே நின்றான். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.