வீட்டுக் கிணறும் தெருக் கிணறும்

நெடுந்தீவு ஆச்சி ஒருவரின் குரலை நாங்கள் அழித்துவிட்டோம். வேணுமெண்டு இல்லை. அவர் சொன்ன கதைகளைப் பதிந்து மடிக்கணினியில் வைத்திருந்தோம். கோப்புறை மாறுவதற்கு ‘சிடி’ கட்டளையை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினோம். தேவையில்லாத பிரதிகள் கிடந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்பி, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னோம். ஆனால் நாங்கள் நின்றது மூலப்பதிவுகள் இருந்த கோப்புறையில்.

ஏன் இப்படி? ஷெல் வெளியிலுள்ள ஒரு நிரலை ஓட்டும்போது அதற்கென்று ஒரு பிள்ளைச் செயன்முறையை உண்டாக்குகிறது. எங்கட நிரலில் இடம் மாறியது அந்தப் பிள்ளை மட்டும்தான். பிள்ளை வள்ளமேறி நயினாதீவுக்குப் போனால், குறிகட்டுவான் துறையில் நிற்கிற தாய் போனதாகுமா? அதனால்தான் ‘சிடி’ ஷெல்லுக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்ப ‘எக்கோ’? ‘டைப் -ஏ எக்கோ’ என்று அடித்துப் பார்த்தோம். ஷெல்லுக்குள் ஒன்று, வட்டில் இன்னொன்று. ஒரே வேலைக்கு ஏன் இரண்டு?

தீவுகளில் நல்ல தண்ணி அரிது. வளவுக்குள்ளேயே கிணறு இருந்தால் பெரிய சுகம். எக்கோ ஷெல்லுக்குள் இருப்பதும் அப்படித்தான்: ஒவ்வொரு தடவையும் புதுச் செயன்முறை உண்டாக்குகிற செலவு மிச்சம். ஆனால் தெருவால் போகிறவருக்கு வீட்டுக் கிணறு உதவாது. ‘ஃபைண்ட்’, ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ போன்றவை ஷெல்லைக் கேட்காமல் மற்ற நிரல்களை நேரடியாக ஓட்டுகிறவை. அவற்றுக்கு வட்டில் ஒரு கோப்பு வேண்டும். அதுதான் தெருக் கிணறு. பொசிக்ஸ் தரமும் அதைக் கேட்கிறது.

இரண்டு தண்ணியும் ஒரே ருசி இல்லை. பாஷுக்குள் இருக்கிற ‘கில்’லுக்கு அந்த ஷெல்லின் வேலை எண்கள் தெரியும், வெளியே இருப்பதற்குத் தெரியாது. செயன்முறைகள் எல்லை தொட்டு, புதிதாய் எதையும் தொடங்க முடியாத நேரத்திலும் உள்ளே இருப்பதுதான் கைகொடுக்கும்.

அடுத்த கிழமை திரும்பவும் நெடுந்தீவுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னோம். “அதையே திரும்பச் சொல்ல ஏலுமே, பிள்ளையள்?” என்று ஆச்சி சிரித்தார். பிறகு வேறொரு கதை சொன்னார். முதல் சொன்னது போனதுதான்.

இப்போது எதையும் அழிக்க முன் ‘பிடபிள்யூடி’ அடிக்கிறோம். அதுவும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பிள்ளை தாய் நிற்கிற இடத்திலிருந்தே தொடங்குவதால் எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்லும். நாங்கள்தான் அன்றைக்குக் கேட்கவில்லை.