இரட்டைப் படம்

ஒரு காலத்தில் ஒரு வீட்டின் வசதியைத் தெரிந்துகொள்ள வாசல் திண்ணையைப் பார்க்க வேண்டியதில்லை. மொட்டை மாடியைப் பார்த்தால் போதும். அங்கே ஓர் இரும்புக் குழாயின் உச்சியில், தின்று போட்ட மீன் முள்ளைப் போல அலுமினியக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். பெட்டி வாங்கப் பணமில்லாமல் ஆன்டெனாவை மட்டும் நட்டு வைத்துக் கௌரவம் தேடிக்கொண்டவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் கதை நன்றாயிருக்கிறது.

இப்போது அந்த முட்களில் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. முதலில் கேபிள் வந்தது, பிறகு தட்டு வந்தது. தூர்தர்ஷனும் தனது பழைய முறை ஒளிபரப்பிகளை 2022-க்குள் அநேகமாக மூடிவிட்டது. இன்றைய படம் வந்தால் பளிச்சென்று வருகிறது. கெட்டால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுபோகிறது. நடுவாந்தரம் என்று ஒன்று கிடையாது. எங்கள் காலத்துப் படமோ நோயாளியைப் போல. கொஞ்சம் தேறும், கொஞ்சம் மோசமாகும், திடீரென்று எழுந்து உட்காரும். பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அந்த மீன் முள்ளைக் கண்டுபிடித்தது ஜப்பானில், செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், 1926-இல். ஷிண்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்று இரண்டு பேர். உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது. உலகத்தில் நிலைத்த பெயரோ யாகியுடையது. எழுத்தாளர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அத்தனை கம்பிகளில் ஒரே ஒன்றுதான், வளைத்துக் கட்டிய அந்த ஒன்றுதான், அலையை வாங்கிக் கீழே அனுப்புகிறது. பின்னால் இருப்பது திருப்பி அடிக்கிறது. முன்னால் இருப்பவை வழி காட்டுகின்றன. ஆகையால் அதற்கு முகம் என்று ஒன்று உண்டு, முதுகு என்று ஒன்று உண்டு. முகத்தை ஒளிபரப்பும் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பிவைக்க வேண்டும்.

சொல்ல எளிது. மாடியில் நின்று திருப்புகிறவருக்குப் படம் தெரியாது. கூடத்தில் படம் பார்க்கிறவருக்குத் திருப்ப முடியாது. நடுவில் முற்றத்தில் ஓர் ஆள் நின்று செய்தி கடத்துவார். "தெரியுதாலே?" என்று மேலேயிருந்து கேள்வி வரும். "இன்னும் கொஞ்சம் திருப்பணுமாம்!" என்று பதில் போகும். "எந்தப் பக்கம்?" அதற்கு அம்மா கூடத்திலிருந்து, "முதல்ல இருந்த பக்கம்" என்பாள். முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

படம் கெட்டதும் பெட்டியின் மண்டையில் தட்டுகிறது நம் ஜனங்களின் வழக்கம். பெட்டி பாவம். குற்றம் அதனிடம் இருப்பது அபூர்வம். முதலில் செய்ய வேண்டிய காரியத்துக்குக் காலணாச் செலவு கிடையாது: பக்கத்து வீட்டில் போய், "உங்களுக்குத் தெரிகிறதா?" என்று கேட்க வேண்டும். அங்கேயும் தெரியவில்லையென்றால் பழி வானத்தின் மேலோ ஒளிபரப்பு நிலையத்தின் மேலோ போகும்; பேசாமல் படுத்துவிடலாம். அங்கே தெரிகிறதென்றால் ஒயரைப் பார்க்க வேண்டும். ஆன்டெனாவில் ஒயர் சேரும் சிறு டப்பாவைத் திறந்தால், எங்களைப் போன்ற கடலோர ஊர்களில், திருகுகள் பச்சைப் பாசி பிடித்ததுபோல் களிம்பேறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். பூஸ்டர் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் யோசனை சொல்வார். பூஸ்டர் படத்தைப் பெருக்குகிறபோது கூடவே வரும் கொசுக்கூட்டத்தையும் பெருக்கும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். வைக்கத்தான் வேண்டுமென்றால் ஆன்டெனாவின் பக்கத்திலேயே, மேலே வைக்க வேண்டும். ஒயர் வழியாக இறங்கி இளைத்துப்போன பிறகு ஊட்டுவதில் பிரயோஜனம் குறைவு.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குப் பக்கம். நாங்கள் ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருந்த திசை தென்கிழக்கு. அதாவது, சமுத்திரத்தைப் பார்த்து. இலங்கையில் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் பெரிய ஒளிபரப்பி இருந்தது பிதுருதலாகலை மலையுச்சியில். உயரம் 2,524 மீட்டர். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தாலும் அலை நேராக எட்டக்கூடிய தூரம் சுமார் 220 கிலோமீட்டர்தான். எங்கள் ஊரோ அங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பூமியின் வளைவு குறுக்கே கிடக்கிறது. ஆகவே கணக்குப்படி எங்களுக்குப் படமே வரக்கூடாது. ஆனாலும் வந்தது! காற்று அடங்கிய கோடை இரவுகளில், கடல்மேல் சூடும் குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்கடுக்காய்ப் படியும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கிக் குழாய்த் தண்ணீர் போல வளைந்து வந்துவிடும். அப்படிப்பட்ட இரவுகளில் அடுத்த ஊர் ஆட்கள்கூட எங்கள் கூடத்தில் இருப்பார்கள்.

தவறாமல் வருகிறவள் கொழும்பு ஆச்சி. அவள் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. அவர் மறு வருஷம் ஊருக்கு வந்து செத்துப்போனார். மகன் மட்டும் அங்கேயே தங்கி, செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். கடிதம் வரும், வராமலும் இருக்கும். தமிழ்ச் செய்தி நேரத்துக்கு ஆச்சி வந்து தூணில் சாய்ந்து உட்காருவாள். வாசிப்பதை அவள் அவ்வளவாகக் கேட்பதில்லை. நடுவில் எப்போதாவது கொழும்புத் தெருவைக் காட்டுவார்கள். அப்போது கடைகளின் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். அவளுக்கு அதுதான் செய்தி.

1989-ஆம் வருஷம் எங்கள் படத்துக்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. ஒவ்வொரு மனிதனுக்கும் வலது பக்கத்தில் இன்னொரு மனிதன் வெளிறி நின்றான். தூணுக்குத் தூண், கதவுக்குக் கதவு. சாத்திய கதவின் மேல் திறந்த கதவின் நிழல் விழுந்தால் எதை நம்புவது? ஆச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

ரேடியோ மெக்கானிக் வந்தார். மாடிக்கு ஏறவில்லை. என் பள்ளிக்கூட ஸ்கேலை வாங்கி, நிஜ ஆளுக்கும் நிழல் ஆளுக்கும் நடுவே திரையில் வைத்து அளந்தார். ஒரு சென்டிமீட்டர். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்குப் பின்னால இருநூறு மீட்டர்ல புதுசா என்ன கட்டியிருக்காக?" என்று கேட்டார்.

உப்புக் கிட்டங்கி! தகரச் சுவரும் தகரக் கூரையுமாக, வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது.

எனக்கு அது மந்திரமாகப் பட்டது. பிற்பாடு கல்லூரியில் அரைகுறையாகப் படித்த பௌதிகத்தைக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படத்தில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓட 52 மைக்ரோ வினாடி. இருபது அங்குலப் பெட்டியின் திரை சுமார் 40 சென்டிமீட்டர் அகலம். அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். ஆக, ஒரு சென்டிமீட்டர் நிழல் என்றால் அலை ஏறக்குறைய 400 மீட்டர் அதிகமாக நடந்து வந்திருக்கிறது. நம்மைத் தாண்டி 200 மீட்டர் போய்த் தகரத்தில் மோதி, 200 மீட்டர் திரும்பி வந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது அட்சரம் பிசகவில்லை.

பரிகாரமும் அவரே சொன்னார். ஆன்டெனாவின் முதுகு முழுச் செவிடு அல்ல. ஆனால் சில கோணங்களில் கிட்டத்தட்டச் செவிடு. அந்தக் கோணத்தில் கிட்டங்கி விழும்படி கொஞ்சம் திருப்பினால் நிழல் போய்விடும். ஆனால் முகமும் மலையை விட்டு விலகும். படம் மங்கும், கொசு பறக்கும். "வெளிச்சமா ரெண்டு ஆளு வேணுமா, மங்கலா ஒரு ஆளு வேணுமா? நீங்களே சொல்லுங்க."

அப்பா தயங்கினார். அவருக்குக் கிரிக்கெட் உண்டு. கொசுவுக்கு நடுவே பந்து தெரியாது. கூடத்தில் இருந்த மற்றவர்கள் வெளிச்சமே இருக்கட்டும் என்றார்கள். நிழல் பழகிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஆச்சி அதுவரை யார் வீட்டுக் காரியத்திலும் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை.

"மங்கலா இருந்தாலும் ஒத்தையாத் தெரியட்டும் தம்பி" என்றாள்.

அப்பா மாடிக்குப் போனார். நான் முற்றத்தில் நின்றேன். அன்று மட்டும், கூடத்திலிருந்து பதில் சொன்னது அம்மா அல்ல, ஆச்சி. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... இருக்கட்டும்." அப்பா போல்ட்டை முடுக்கினார்; காற்றில் திரும்பாதிருக்க இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். கீழே இறங்கி வந்தபோது செய்தி பாதி முடிந்திருந்தது. திரை முழுவதும் கொசு. அதற்குள்ளே ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அன்று தெருவைக் காட்டவில்லை. ஆச்சி எழுந்து, "நாளைக்குக் காட்டுவான்" என்று சொல்லிவிட்டு, லாந்தரை எடுத்துக்கொண்டு போனாள்.