ஒரு குழந்தையை அழைத்துவரப் புறப்படுதல்

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்து அழைத்துவரப் புறப்படும் குடும்பத்தின் ஆயத்தத்தில், மகப்பேற்றை எதிர்நோக்கும் வீட்டின் பரபரப்பும் நெடும்பயணத்துக்குரிய ஏற்பாடுகளும் ஒருங்கே அமைந்திருப்பினும், அவ்விரண்டிலும் இல்லாத ஒரு கூறும் உண்டு. வரப்போகும் குழந்தை ஏற்கெனவே பிறந்து, வேறொரு மொழியைக் கேட்டு வளர்ந்து, வேறொருவர் கையால் உண்டு, தனக்கென ஒரு சிறு வரலாற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆயத்தத்தில் எது பெற்றோரை முன்னிட்டுச் செய்யப்பட்டது, எது குழந்தையை முன்னிட்டுச் செய்யப்பட்டது என்பதை ஆராய விரும்புவோருக்கு, அமெரிக்கக் குடும்பங்கள் சீனாவிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுத்த வரலாறு மிகப் பொருத்தமான சான்றாகும். 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் தொடங்கி 2024இல் முடிவுக்கு வந்த அந்த ஏற்பாட்டின் வழியே சீனாவை விட்டுப் பல நாடுகளுக்குச் சென்ற குழந்தைகள் 1,60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அமெரிக்காவுக்குச் சென்றனர்.

அக்குழந்தைகள் எங்கிருந்து வந்தனர் என்பதை அறியாமல் இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள இயலாது. 1980ஐ ஒட்டிச் சீன அரசு கொண்டுவந்த ஒற்றைக் குழந்தைக் கொள்கை, நாட்டுப்புறங்களில் பல இடங்களில் முதற்குழந்தை பெண்ணாயின் இரண்டாவது குழந்தைக்கு இடம்தரும் வகையில் பின்னர் சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆகவே, ஆண் குழந்தையை நாடிய குடும்பங்களால் கைவிடப்பட்டோரில் பெரும்பகுதியினர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறந்த பெண் குழந்தைகளாக இருந்தனர். குழந்தையைக் கைவிடுவது சட்டப்படி குற்றமாதலால், பெற்றோர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளாமல், சந்தையிலோ, பள்ளி வாயிலிலோ, காவல் நிலையத்தின் அருகிலோ, விரைவில் யாரேனும் கண்டெடுக்கக்கூடிய இடமாகப் பார்த்து விட்டுச் சென்றனர். இதனைக் குழந்தைமீது அன்பற்ற சமூகத்தின் செயலென்று கொள்வது பெரும்பிழை. 1991 டிசம்பரில் இயற்றப்பட்ட தத்தெடுப்புச் சட்டம், கண்டெடுக்கப்பட்ட குழந்தையை வளர்க்கும் உரிமையைச் சீனருக்குள்ளும் 35 வயது நிறைந்த, பிள்ளையற்றவர்களுக்கே அளித்தது. விதிவிலக்குகள் மிகச் சில. கண்டெடுத்த பெண் குழந்தையைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்க்க முன்வந்த சீனக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சட்டம் தடையாக நின்றதையும், அதே சட்டம் கடல் கடந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதையும், ஆய்வாளரும் சீனக் குழந்தையொன்றைத் தத்தெடுத்த தாயுமான கே ஆன் ஜான்சன் விரிவாக எழுதியுள்ளார்.

அமெரிக்கக் குடும்பத்தின் பக்கம் ஆயத்தம் தாள்களில் தொடங்கியது. முதலாவது, இல்ல ஆய்வு: உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்குப் பலமுறை வந்து, தம்பதியரின் வருமானம், உடல்நலம், மணவாழ்க்கை, அவர்கள் வளர்ந்த விதம், பிள்ளை வளர்ப்பைப் பற்றிய எண்ணம் ஆகிய அனைத்தையும் கேட்டறிந்து எழுதும் அறிக்கை அது. அடுத்தது, சீன அரசுக்கு அனுப்பவேண்டிய ஆவணத் தொகுப்பு. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, காவல்துறைச் சான்று, பணிச் சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவை ஒவ்வொன்றும் நோட்டரியின் முத்திரை, மாநில அரசின் சான்றொப்பம், சீனத் தூதரகத்தின் ஏற்பொப்பம் என்று படிப்படியாக உறுதிசெய்யப்பட வேண்டியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தரும் கைரேகைகள் 15 மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், காத்திருப்பு நீண்டபோது அவற்றையும் மீண்டும் பதியவேண்டியிருந்தது. 2007 மே மாதத்தில் சீனா விதிகளை இறுக்கி, பொதுவாக 30 முதல் 50 வயதுக்குட்பட்ட, மணமான தம்பதியரே விண்ணப்பிக்கலாம் என்றும், உடல் எடைக் குறியீடு 40க்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. முன்பு ஓராண்டுக்குள் முடிந்த காத்திருப்பு, உடற்குறையற்ற குழந்தையைக் கோரியோருக்கு ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நீண்டது. பெற்றெடுப்போரிடம் எவரும் கேட்காத கேள்விகளைத் தத்தெடுப்போரிடம் மட்டும் கேட்பது அநீதி என்று பலர் வருந்தியதுண்டு. அவ்வருத்தம் இயல்பானதே எனினும், தன்னைக் காத்துக்கொள்ளவோ மறுத்துப் பேசவோ இயலாத ஒருவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு என்றென்றைக்குமாகக் கொண்டுசெல்லும் செயலில் இத்தனை கேள்விகளும் தேவையானவையே.

இத்தாள்களெல்லாம் முடிந்த பின்னர் ஒருநாள், பெற்றோர் ஒருவருக்கு இன்ன குழந்தை என்று சீன அரசின் தத்தெடுப்பு மையம் பொருத்திக் கொடுக்கும் அறிவிப்பு வரும். ஓரிரு நிழற்படங்கள், பெயர், பிறந்ததாகக் கருதப்படும் நாள், கண்டெடுக்கப்பட்ட நாள், உயரம், எடை, தலைச்சுற்றளவு, சில வரிகளில் உறக்கமும் உணவும் பற்றிய குறிப்பு என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் ஏதும் இராது. கடுங்குளிரில் பல அடுக்கு உடைகளுக்குள் புதைந்து, சிரிக்காமல் நோக்கும் ஒரு முகத்தின் படத்தை வைத்துக்கொண்டு, குழந்தை நலமாக இருக்கிறதா, காது கேட்கிறதா, கண்கள் எதையேனும் பின்தொடர்கின்றனவா என்று கணிக்கும் பொறுப்பைக் குடும்பங்கள் மருத்துவர்களிடம் ஒப்படைத்தன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1986இல் டேனா ஜான்சன் என்னும் குழந்தை மருத்துவர் தொடங்கிய சிறப்பு மருத்துவப் பிரிவு இத்துறையில் முன்னோடியாகும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகள் வளரும் நல இல்லத்தில் கழியும் மூன்று மாதங்களுக்கு ஒரு மாத வளர்ச்சி என்ற அளவில் குழந்தையின் உயரம் பின்தங்கும் என்பது அத்தகைய மருத்துவர்கள் கண்டறிந்த பொதுக்கணக்கு. உணவு போதாமை மட்டும் இதற்குக் காரணமன்று. ஒருவர் பலரைக் கவனிக்கும் இடத்தில் தூக்கி வைத்துக்கொள்ளும் கைகள் குறைவாக இருப்பதும் எலும்பின் வளர்ச்சியைக் குறைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில், அன்பு என்பது உள்ளத்தின் தேவை மட்டுமே என்று நினைப்பவர் தம் நினைப்பை மாற்றிக்கொள்ளவேண்டி வரும்.

பயணப்பெட்டியில் வைத்தவற்றைக் கொண்டே ஒரு குடும்பம் எதனை எதிர்பார்த்தது என்பதைப் படித்தறியலாம். வயதைக் கொண்டு உடையின் அளவைத் தீர்மானிக்க இயலாது என்பதால் மூன்று அளவுகளில் சட்டைகள். சொறிசிரங்குக்கான களிம்பு, காய்ச்சல் மருந்து, குழந்தை மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி. வெவ்வேறு துளையளவுள்ள பால்புட்டிக் காம்புகள், ஏனெனில் பல இல்லங்களில் பாலோடு அரிசிமாவைக் கலந்து கெட்டியாகப் புகட்டும் வழக்கம் இருந்தது. இல்லத்துக்குக் கட்டாயமாகத் தரவேண்டிய நன்கொடையாக, பல ஆண்டுகள் 3,000 டாலர் என்றிருந்த தொகை, மடிப்பும் கறையும் இல்லாத புதிய தாள்களில். இப்பட்டியலைவிடச் சிந்திக்கத்தக்கது, பெட்டி கட்டுவதற்கு முன்பே சில குடும்பங்கள் இல்லத்துக்கு அனுப்பிவைத்த சிறு பொதி. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மலிவான நிழற்படக்கருவி ஒன்றை அதில் வைத்து, குழந்தையின் தொட்டிலையும் அதன் அருகில் உறங்கும் குழந்தைகளையும் அதனைத் தூக்கி வளர்த்தவர்களையும் படம் எடுத்துத் தருமாறு சீன மொழியில் வேண்டுகோள் எழுதி அனுப்பினர். படங்கள் எடுக்கப்பட்ட கருவி திரும்பக் கிடைத்த குடும்பங்களுக்கு, எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத ஓராண்டு வாழ்க்கை கிடைத்தது. ஆயத்தம் முழுவதிலும் குழந்தையை மட்டுமே எண்ணிச் செய்யப்பட்ட செயல் இதுவே. எந்தச் சட்டமும் இதனைக் கேட்கவில்லை.

ஏனெனில் இந்தப் பயணத்தில் ஆயத்தம் செய்யப்படாதவர் ஒருவர் உண்டென்றால் அது குழந்தைதான். பெற்றோர் மாதக்கணக்கில் படித்து, பயிற்சி பெற்று, சில சீனச் சொற்களையும் கற்றுக்கொண்டு வந்தனர். அச்சொற்கள் பொதுச்சீனமாக இருக்க, குழந்தை கேட்டு வளர்ந்ததோ ஹுனானிலோ குவாங்தோங்கிலோ வழங்கும் வட்டாரப் பேச்சாக இருந்தது. மாகாணத் தலைநகரில் குடிமை விவகார அலுவலகத்தின் கூடமொன்றில், ஒரே குழுவாக வந்த பல குடும்பங்கள் காத்திருக்க, பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்து வந்த குழந்தைகள் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கையளிக்கப்பட்டனர். மறுநாள் பதிவு நடைபெறும். இடைப்பட்ட அந்த ஓரிரவு, இரு தரப்பும் இணங்கிப்போக விடப்பட்ட காலமாகக் கருதப்பட்டது. குடும்பத்தின் நாட்காட்டியில் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் அந்நாள், குழந்தையின் வாழ்வில் தனக்குத் தெரிந்த குரலும் மணமும் படுக்கையும் ஒரே பிற்பகலில் மறைந்துபோன நாளாகும். வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்த குழந்தைகளைப் பொறுத்தவரை இழப்பு மேலும் பெரிது, ஏனெனில் அவர்கள் அம்மா என்றே அழைத்த ஒருத்தியை விட்டு வந்தனர். அன்று ஓயாது அழுத குழந்தையைக் கண்டு கலங்கிய பெற்றோருக்கு அறிந்தோர் கூறிய ஆறுதல் உண்மையானது: பிரிவை எண்ணி அழும் குழந்தை ஒருவரிடம் பற்று வைக்கக் கற்றிருக்கிறது, ஆகவே மீண்டும் கற்கும். அழாமல், எவர் தூக்கினாலும் செல்லும் குழந்தைக்குத்தான் கூடுதல் பொறுமையும் காலமும் தேவைப்பட்டன.

பதிவும் குழந்தையின் கடவுச்சீட்டும் முடிந்தபின் எல்லாக் குடும்பங்களும் குவாங்சௌ நகரத்துக்குச் சென்றன; தத்தெடுத்த குழந்தைகளுக்கான விசாவை அங்கிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகமே வழங்கியது. முற்காலத்தில் பிரித்தானியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் விடப்பட்டிருந்த ஷாமியான் என்னும் ஆற்றுத்தீவில், தூதரகத்தை ஒட்டி நின்ற ஒயிட் ஸ்வான் விடுதியில் தங்கி, அதன் சிவப்பு நிற நீளிருக்கையில் குழந்தைகளை வரிசையாக அமர்த்திப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வெளிநாட்டிலேயே தத்தெடுப்பு முழுமையடைந்த குழந்தை அமெரிக்க மண்ணில் நுழைந்தவுடனேயே அந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்றது.

இக்குடும்பங்களிடையே பரவலாக வழங்கிய நம்பிக்கை ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருவரையொருவர் சந்திக்க விதிக்கப்பட்டவர்களைக் கண்ணுக்குப் புலனாகாத சிவப்பு நூல் ஒன்று பிணைத்திருக்கிறது என்பது சீனரின் பழைய தொன்மம். சீனரிடையே அது மணமக்களைப் பற்றியது. தத்தெடுத்த பெற்றோர் அதனைத் தமக்கும் குழந்தைக்கும் உரியதாக்கி, காத்திருப்பின் வேதனைக்கு அதில் ஆறுதல் தேடினர். அந்த ஆறுதலைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், குழந்தை வளர்ந்து அக்கதையைத் தன் பக்கமிருந்து எண்ணத் தொடங்கும்போது, தன்னைப் பெற்றவள் தன்னை இழந்ததும் அதே விதியின் ஏற்பாடு என்றாகிறது. 2005இல் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் குழந்தைகள் பணத்துக்கு வாங்கப்பட்டு நல இல்லங்களில் சேர்க்கப்பட்ட செய்தி வெளியானது; வழக்கு நடந்து பலர் தண்டனை பெற்றனர். கண்டெடுக்கப்பட்டதாக எழுதப்பட்ட இடமும் நாளும் சில கோப்புகளில் புனையப்பட்டவை என்பது அதன்பின் மறைக்க முடியாத உண்மையாயிற்று. பன்னாட்டுத் தத்தெடுப்பை நெறிப்படுத்த 1993இல் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம், குழந்தையை முதலில் பெற்ற குடும்பத்திலும், இயலாவிடில் சொந்த நாட்டிலும், அதுவும் இயலாதபோதே பிறநாட்டிலும் வாழச் செய்ய வேண்டும் என்னும் வரிசைமுறையை வகுத்தது. சீனாவில் அது 2006இலும் அமெரிக்காவில் 2008இலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அமெரிக்கா சென்ற சீனக் குழந்தைகளின் எண்ணிக்கை ஓராண்டில் ஏறத்தாழ 7,900 என்னும் உச்சத்தைத் தொட்டது 2005இல். பாதுகாப்பு வந்து சேருமுன் பெருங்கூட்டம் கடந்து சென்றுவிட்டது.

பின்னாளில் பயணம் மேற்கொண்ட குழந்தைகள் பெரும்பாலும் மருத்துவத் தேவை உடையவர்கள். இதயக் குறைபாடோ, பிளவுற்ற அண்ணமோ, முதுகுத்தண்டுக் குறைபாடோ கொண்ட ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் இவர்களுள் இருந்தனர். 2020இன் தொடக்கத்தில் கொள்ளைநோயை முன்னிட்டுச் சீனா இந்தப் பயணங்களை நிறுத்தியபோது, குழந்தையின் பெயரும் படமும் கையில் கிடைத்து, அறையை அமைத்து, புறப்படும் நாளுக்காகக் காத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அக்குழந்தைகளுள் விவரம் அறிந்த வயதினர் சிலருக்கு, உங்கள் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள் என்று படங்களைக் காட்டிச் சொல்லியுமிருந்தனர். நான்கரை ஆண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பர் 5 அன்று, நெருங்கிய இரத்த உறவினரும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையரும் தவிர வேறெவருக்கும் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று சீன வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. சொந்த நாட்டிலேயே குழந்தைகளுக்கு வாழ்வமைப்பது ஏற்கத்தக்க கொள்கையே. வாக்குறுதி அளிக்கப்பட்டுவிட்ட சில நூறு குழந்தைகளை அக்கொள்கையின் பெயரால் கைவிட்டது ஏற்கத்தக்கதன்று.

இனி அவ்வழியே புறப்படும் குடும்பம் இல்லை. ஏற்கெனவே சென்றவர்களுள் மூத்தவர்கள் முப்பது வயதைக் கடந்து, மரபணுச் சோதனைகளின் வழியாகவும், கண்டெடுப்பு அறிவிப்புகள் வெளியான பழைய மாகாண நாளேடுகளின் வழியாகவும் தம்மைப் பெற்றவர்களைத் தேடிவருகின்றனர். ஊர் ஊராக நல இல்லங்களின் பேரேடுகளில் கிடக்கும் குறிப்புகள் அவர்களுக்கே உரியவை. அப்பேரேடுகளை அழியாமல் காத்து, கேட்டு வருவோருக்குத் திறந்து காட்டுமாறு சீன அரசை வலியுறுத்துவதும், தம் வசமுள்ள கோப்புகளை ஒரு தாளும் விடாமல் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும், அன்று நிழற்படக்கருவியை அனுப்பிய குடும்பங்களும் அனுப்பாத குடும்பங்களும் உடனே செய்யவேண்டிய பணிகளாகும்.