பரிந்து பேசுவார்

வழக்கு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டென்பது தமிழ் பயிலும் மாணாக்கர் யாவரும் அறிந்ததே. உலகத்தார் ஒரு சொல்லை ஆளும் முறையும் வழக்கு. மன்றத்தின்கண் இருவர் தம்முள் மாறுபட்டு நிற்பதும் வழக்கு. இவ்விரண்டாம் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் தத்தம் கட்சியை எடுத்துரைப்பர். தாமே பேச இயலாதவர் பொருள் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வர். ஆயின், யாரைக் குறித்து வழக்கு நிகழ்கின்றதோ அவரே நாலு வயதுக் குழந்தையாயிருப்பின் என் செய்வது? அரசின் சார்பில் ஒருவர் பேசுவர். தாயின் சார்பில் ஒருவர் பேசுவர். தந்தையின் சார்பில் மற்றொருவர் பேசுவர். குழந்தையோ, தன் வாழ்வு அங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்பதையும் அறியாது, எங்கோ அயலார் வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். அத்தகைய குழந்தைகளின் பொருட்டுக் கூலி பெறாது பரிந்து பேச முன்வந்தோரைப் பற்றி யாம் படித்தறிந்தவற்றையும், அதனால் எம் உள்ளத்தெழுந்த எண்ணங்களையும் இம்மலரின் நேயர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பெற்றோரால் துன்புறுத்தப்பட்டோ புறக்கணிக்கப்பட்டோ நிற்கும் குழந்தைகளை நீதிமன்றத்தின் ஆணைப்படி வேறொரு குடும்பத்தில் வளரவிடும் முறை உண்டு. இது தத்தெடுத்தல் அன்று. தத்து நிலையானது, இவ்வளர்ப்போ இடைக்காலத்தது. பெற்றோர் தம் குறை தீர்ந்து நல்வழிப்பட்டால் குழந்தை வீடு திரும்பும். திருந்தாராயின் உறவினரிடமோ தத்தெடுப்பாரிடமோ செல்லும். 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறக்குறைய 3,43,000 குழந்தைகள் இந்நிலையில் இருந்தனர். வழக்கு நீளுந்தோறும் குழந்தை ஒரு வீட்டினின்று மற்றொரு வீட்டிற்கும், ஒரு பள்ளியினின்று மற்றொரு பள்ளிக்கும் மாற நேரிடும். ஆதலின், ஓராண்டிற்குள் குழந்தையின் நிலையான இருப்பிடம் பற்றி மன்றம் ஆராயவேண்டுமென்றும், 22 மாதங்களுள் 15 மாதம் பிறரிடம் வளர்ந்த குழந்தையின் பெற்றோருரிமையை நீக்க, சில விலக்குகள் தவிர, அரசு மனுச் செய்யவேண்டுமென்றும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. இக்கால அளவு கடுமையானதென்று தோன்றலாம். ஆயினும், நாற்பது வயதினர்க்கு ஓராண்டு விரைவிற் கழிவது. நாலு வயதுக் குழந்தைக்கோ அஃது அதன் வாழ்நாளிற் காற்பங்கு.

இம்முறையின் வரலாறு நன்மையும் தீமையும் கலந்தது. 1853-ஆம் ஆண்டில் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்னும் போதகர் நியூயார்க் நகரில் குழந்தைகள் உதவிச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தெருவில் அலைந்த சிறுவரை மேற்றிசைப் பண்ணைக் குடும்பங்கட்கு அனுப்பினால் நல்வாழ்வு பெறுவர் என்பது அவர் கருத்து. 1854 முதல் 1929 வரை புகைவண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட சிறுவர் இரண்டு லட்சத்தை எட்டுவர். ஊர்தோறும் மேடையில் நிறுத்தப்பட்ட அவர்களை வந்தோர் பார்த்துத் தெரிந்தெடுத்தனர். அன்புள்ள இல்லம் அடைந்தோரும் உளர். வேலையாட்களாக வருந்தினோரும் உளர். உடன்பிறந்தார் வெவ்வேறு ஊர்களிற் பிரிந்ததும் உண்டு. நல்லெண்ணம் மட்டும் போதாது, பின் சென்று பார்ப்பாரும் கேட்பாரும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அங்ஙனம் பின் சென்று கேட்டவர் ஒருவரை 1874-ஆம் ஆண்டு காண்கின்றோம். எட்டா வீலர் என்னும் அம்மையார் நியூயார்க்கின் ஏழையர் குடியிருப்புக்களில் ஊழியஞ் செய்த மெதடிஸ்ட் சபையினர். மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்பார் வீட்டில் அடியுண்டு அடைபட்டுக் கிடப்பதை அண்டை அயலாரால் அறிந்தார். காவலரும் அறநிலையத்தாரும் கைவிரித்தனர். அம்மையார் ஓயாராய், விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கை நாடினார், அவர் துணையால் வழக்கு மன்றமேறியது, சிறுமி மீட்கப்பெற்றாள். மீட்டபின் அவளைப் பொது விடுதி ஒன்றில் விட்டனர். அவ்விடம் அவட்கு ஏற்றதன்றெனக் கண்ட அம்மையார், மீண்டும் நீதிபதியிடம் பேசித் தம் அன்னையாரிடத்தே அவளை வளரச் செய்தார். அன்னையார் இறந்தபின் அம்மையாரின் தங்கையார் வளர்த்தார். மேரி எல்லன் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1956 வரை வாழ்ந்தாள். மீட்டதோடு தம் கடமை முடிந்ததென அம்மையார் எண்ணியிருப்பின் இவ்வாழ்வு யாதாயிருக்கும் என்று யாம் பலகாலும் நினைப்பதுண்டு.

நூறாண்டுகள் கழிந்தன. 1974-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், அரசின் பொருளுதவி பெற விரும்பும் மாநிலம் ஒவ்வொன்றும், துன்புறுத்தப்பட்ட குழந்தையின் வழக்கில் அக்குழந்தையின் நலம் பேச ஒருவரை நியமிக்கவேண்டுமென விதித்தது. ஆனால் அங்ஙனம் பேச யாவர் உளர்? சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சூக்கப் என்பார், குழந்தையைப் பற்றித் தமக்கு ஒன்றும் செவ்வனே தெரியாத நிலையில் தீர்ப்பளிக்க நேர்வதை எண்ணி உறக்கமின்றி வருந்தினார். பொதுமக்களுள் மனமுடையாரைப் பயிற்றினால் என்னவென்று கருதி, நண்பகலுணவு வேளையிற் கூட்டமொன்று கூட்டினார். நாலைந்து பேர் வருவர் என எண்ணியிருக்க, ஐம்பதின்மர் வந்தனர் என்பர். இவ்வாறு 1977-இல் தொடங்கிய தொண்டு, முதலாண்டிலேயே 110 தொண்டரைக் கொண்டு 498 குழந்தைகட்குத் துணையாயிற்று. 1982-இல் நாடு தழுவிய சங்கமாயிற்று. இத்தொண்டரை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிக் ‘காசா’ என வழங்குவர். காசா எனினும் காசு பெறாதவர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு வீடு என்பது பொருளாதலும் பொருத்தமே.

இவர் செய்யும் பணி யாது? இருபத்தொரு வயது நிரம்பினோர் முப்பது மணி நேரப் பயிற்சி பெற்று, நீதிபதியின் முன் உறுதிமொழி கூறுவர். பெரும்பாலும் ஒரு குழந்தையோ, உடன்பிறந்தார் ஒரு தொகுதியோ மட்டும் ஒருவர் பொறுப்பில் விடப்படும். குழந்தையை மாதந்தோறும் சென்று காண்பர், ஆசிரியர், மருத்துவர், பெற்றோர், வளர்ப்போர் ஆகியோரைத் தனித்தனியே வினவுவர், ஏடுகளைப் படிப்பர், கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதி மன்றத்திற்கு அளிப்பர். அரசின் ஊழியர் பல குழந்தைகளின் பொறுப்பை ஒருங்கே சுமப்பவர்; இடையில் மாறியும் செல்வர். தொண்டரோ வழக்கு முடியும்வரை உடன் நிற்கக் கடமைப்பட்டவர். அவர் வழக்கறிஞரல்லர், குழந்தையைத் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்பவருமல்லர். ‘இப்பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும், ஆறு மாதமாக வாங்கப்படவில்லை’ என்பது போன்ற சிறு செய்தியை உரியார் செவியில் உரிய காலத்தில் ஏற்றுதலே அவர் பணி. பத்தொன்பது வயதினராகிய எம்மை அந்நாட்டார் இப்பணிக்கு ஏலார். அதன் காரணமும் தெளிவு. ஒரு குழந்தையின் முன் தோன்றிப் பின் மறைந்துபோதல் எளிது. நின்று முடித்தல் அரிது.

இத்தொண்டின்மேற் குறை கூறுவாரும் உளர். அவர் கூற்றைப் புறக்கணித்தல் நேர்மையன்று. வசதியுள்ள குடும்பத்தினின்று வந்த தொண்டர், வறுமையுற்ற தாய் ஒருத்தியின் வீட்டைக் கண்டு, வறுமையையே புறக்கணிப்பென மயங்கக்கூடும். கறுப்பினக் குழந்தைகளும் செவ்விந்தியர் எனப்பட்ட தொல்குடியினரின் குழந்தைகளும் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் வீட்டினின்று பிரிக்கப்படுகின்றனர். தொல்குடிப் பிள்ளைகளைப் பெருந்தொகையாகப் பிரித்த கொடுமையைத் தடுக்கவே 1978-இல் தனிச் சட்டம் வந்தது. தொண்டரால் விளையும் பயன் எத்துணை என்பதிலும் ஆராய்ச்சியாளர் முடிவுகள் ஒருதன்மையவாக இல்லை. இக்குறைகள் தொண்டை விடுக என்பனவல்ல. தொண்டர் தம் விருப்பத்தைக் குழந்தையின் விருப்பமென உரையாதொழிக என்பனவாம்.

இவ்விடத்தே யாம் வகுப்பிற் பயின்ற அகப்பொருள் இலக்கணம் எம் நினைவிற்கு வருகின்றது. தலைவியின் உள்ளக்கிடக்கை வீட்டார்க்குத் தெரியாது. அவள் வாய் திறந்து கூறாள். அவட்கு வேறு மணம் பேசவும் தொடங்கிவிடுவர். அந்நெருக்கடியில் தோழி செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உணர்த்துவாள். இதனை ‘அறத்தொடு நிற்றல்’ என்றனர் முன்னோர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் இவ்வொரு துறையே பற்றியது. பெற்ற தாயையும் வளர்த்த தாயையும் நற்றாய், செவிலி என வெவ்வேறு பெயரிட்டு இருவர்க்கும் இடமளித்த நம் முன்னோர், இவர்க்கிடையே பேசுதற்கு ஒருத்தி வேண்டுமென்பதையும் உணர்ந்தனர். தோழி அவ்விடத்துத் தன் கருத்தைக் கூறுவதிலள். தலைவி கருத்தையே கூறுகின்றாள். ‘நிற்றல்’ என்ற சொல்லும் நோக்கற்பாலது. பேசுதல் என்னாது நிற்றல் என்றனர்.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவை அமைக்கின்றது. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் அதன்கண் இருப்பர். விடுதியிற் சேர்த்தல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டுமென்பதும், குழந்தையின் சொல் கேட்கப்படல் வேண்டுமென்பதும் அச்சட்டத்தின் நெறிகள். அதன் 44-ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பங்கட்கு வழி செய்கின்றது. அதற்கான நெறிமுறைகள் 2024-இல் திருத்தப்பட்டன. பாலியற் கொடுமைக்கு ஆளான குழந்தைகட்கு வழக்கு முடியுங்காறும் உடனிருந்து உதவும் துணையாளரை நியமிக்க 2020-ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன.

யாமும் எம் தோழரும் மாதம் இருமுறை ஒரு சிறுவர் இல்லத்திற்குச் சென்று பாடஞ் சொல்லிக்கொடுத்து வருகின்றோம். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுதல் சட்டத்தால் விலக்கப்பட்டதாகலின் ஊரும் பேரும் கூறோம். அங்கே ஒரு சிறுவன், புதிதாக வருவார் எவரையும் ‘என் தங்கச்சி எந்த ஊரில் இருக்கிறாள்?’ என்று வினவுவான். வருவோர் பலர், தின்பண்டம் தருவர், மறுமுறை வாரார். சிறுமியர்க்குரிய வேறோர் இல்லத்தில் அவள் இருப்பதை மேற்பார்வையாளர் அம்மையார் அறிவார். எனினும், இருவரும் சந்திக்கவேண்டுமென எவரும் எழுத்தில் கேட்டிலர். அவ்வம்மையாரின் இசைவோடு, அச்சிறுவன் சொல்லச் சொல்ல யாம் நலக்குழுவிற்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். ‘அன்புத் தங்கையைக் காணும் ஆவல்’ என்று எம் கை எழுதியிருக்கும். அவன் கூறியதோ, ‘பாப்பாவுக்கு இருட்டு என்றால் பயம். அவள் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்’ என்பது. அங்ஙனமே எழுதினோம். இரண்டு மாதங்களின் பின், திங்களுக்கு ஒருமுறை இருவரும் சந்திக்க ஆணை பிறந்தது. முதற் சந்திப்பிற்குப் பின், அவளருகே படுப்பவள் பெயரை எமக்கு அவனே அறிவித்தான். அவர்கள் ஒருங்கு வளரும் வழி இன்னும் பிறக்கவில்லை. அதனையும் விடாது கேட்க எண்ணியுள்ளோம்.

தமிழ் வேதாகமத்தில் ‘பரிந்து பேசுகிறவர்’ என்னும் தொடர் நம் ஆண்டவர்க்கு வழங்குவது. அப்பெயரின் நிழல் சிறிது நம்மேலும் விழுமாறு செய்தல் அரிதன்று. மோசே நாணற்பெட்டியில் நதியோரம் விடப்பட்டபோது, அவன் தமக்கை தூரத்தே நின்றாள். அவட்குச் செல்வமில்லை, செல்வாக்கில்லை, அரண்மனையில் அறிந்தாருமில்லை. குழந்தைக்கு யாது நேருமென அறிய நின்றாள். கண்ணை எடாது பார்த்தாள். பார்வோன் குமாரத்தி பெட்டியைத் திறந்த பொழுதில், தாமதியாது சென்று ஒரு வார்த்தை பேசினாள். அவ்வொரு வார்த்தையால் பெற்ற தாயே கூலி பெற்று வளர்க்கும் செவிலியானாள். மாணவ நண்பர்காள், சியாட்டில் மன்றத்தில் வேண்டப்படும் வயது நமக்கு இன்னும் வாராதிருக்கலாம். நதியோரத்து நின்றவளோ நம்மினும் இளையவள். நம் ஊர் இல்லங்களில் ஒன்றிற்கு நீவிரும் வருக. வந்தால் மறுமுறையும் வருக.