டேஞ்சர் லைட்டும் ஒரு பி.காம். மாணவனும்

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு ஒரு வழியா ஊருக்கு வந்தாச்சு. போன பதிவுல ஜி.எஸ்.டி. பத்தி எழுதி எல்லாரையும் தூங்க வச்சுட்டேன்னு வகுப்புல ஒரே புகார். அதனால இந்தத் தடவை கணக்கு வழக்குப் பக்கம் அதிகம் போகலை. ஒரு லாரியோட பின்பக்கம் போகப் போறோம். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

எங்க ஊர் நாமக்கல்னு தெரிஞ்சவங்களுக்கு லாரி பத்தி எழுதுறது ஆச்சரியமா இருக்காது. இங்க தெருவுக்கு நாலு வீட்டுல லாரிப் பேச்சுதான். எங்க வீட்டுல இருக்கிறது 2012 மாடல் ஆறு சக்கர லேலண்ட். ஒரே வண்டி. அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர், லோடு கிடைக்காத நாள்ல அப்பாதான் மெக்கானிக்கும். என்னோட காலேஜ் ஃபீஸ் மொத்தமும் அந்த ஆறு டயர்ல உருண்டு வந்ததுதான்.

வண்டி ஓட்டுறவரால எதைப் பார்க்க முடியாதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஹெட்லைட் போனா உடனே தெரியும், ரோடே இருட்டாயிடும். ஹாரன் போனா தெரியும். டயர் பஞ்சரானா ஸ்டியரிங்கே சொல்லிடும். ஆனா டேஞ்சர் லைட்டும் பிரேக் லைட்டும் செத்துப் போனா, எங்க வண்டி மாதிரி பழைய வண்டில ஓட்டுறவருக்கு அதைச் சொல்ல எதுவுமே கிடையாது. அது முழுக்க முழுக்கப் பின்னாடி வர்றவனுக்காக எரியுற விளக்கு. யாராவது சொன்னாத்தான் உண்டு.

அப்பாவுக்குச் சொன்னது யாருன்னு தெரியாத ஒரு டிரைவர். ஓசூர்ல இருந்து ராத்திரி வந்துட்டு இருந்தார். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், லோடு வண்டிங்க அங்க பிரேக்கும் கீழ் கியருமாத்தான் இறங்கும். இறங்கி முடிச்சு டீக்கடையில நிறுத்தினதும், பின்னாடியே வந்து நின்ன ஒரு டிரைவர் இறங்கி வந்தாராம். "அண்ணே, உங்க வண்டில பிரேக் லைட்டு ரெண்டும் எரியலைங்க. நீங்க பிரேக் அடிக்கிறதே கிட்ட வந்த பிறகுதான் தெரியுது. ரெண்டு தடவை மயிரிழையில தப்பிச்சேன்"னு சொல்லிட்டு, டீ கூடக் குடிக்காம போயிட்டாராம்.

அப்பா இதை வீட்டுல ஏதோ பஞ்சர் கதை மாதிரி சாதாரணமா சொன்னார். அம்மா அன்னிக்குச் சாப்பிடலை.

இது எங்க வண்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மத்திய அரசு வெளியிட்ட 2022-ம் வருஷத்துச் சாலை விபத்து அறிக்கையில மொத்த விபத்து 4,61,312. செத்தவங்க 1,68,491 பேர். அதுல அஞ்சுல ஒண்ணுக்கு மேல பின்னாடி வந்து மோதினது. எல்லாத்துக்கும் விளக்குதான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா ராத்திரி ஹைவேஸ்ல போறப்ப எத்தனை லாரி பின்பக்கம் கும்மிருட்டா போகுதுன்னு எண்ணிப் பாருங்க. பிரேக்டவுன் ஆன வண்டிக்குப் பின்னாடி மரக்கிளையை ஒடிச்சுப் போட்டு, நாலு கல்லை வச்சிருப்பாங்க. அந்தக் கிளைதான் அங்க டேஞ்சர் லைட்.

சரி, மேட்டருக்கு வருவோம். எல்.இ.டி. போட்டுடலாம்னு நான் சொன்னேன். "பல்பு முப்பது ரூபா தம்பி. போனா மாத்திட்டுப் போறோம். இதுக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல?"ன்னார் அப்பா. நியாயமான கேள்விதான். கடைக்காரங்க இதுக்குச் சொல்ற பதில் "கரண்ட் மிச்சம், டீசல் மிச்சம்". பி.காம். படிக்கிறவன்கிட்ட மிச்சம்னு சொன்னா கணக்குப் போடாம விடுவானா?

பழைய டேஞ்சர் பல்பு ஒண்ணு 5 வாட். பிரேக் அடிக்கும்போது எரியுற இழை 21 வாட். ராத்திரி பூரா எரியுறது ரெண்டு 5 வாட், மொத்தம் 10 வாட். பத்து மணி நேரம் ஓடினா 100 வாட்-மணி. ஒரு லிட்டர் டீசல்ல இருந்து, இஞ்சின்லயும் ஆல்டர்னேட்டர்லயும் வீணாகுறது போக, தோராயமா 2 யூனிட் கரண்ட் கிடைக்கும்னு வச்சுக்கங்க. அப்போ நம்ம 100 வாட்-மணிக்கு 50 மில்லி டீசல். விளக்கையே அணைச்சாலும் ஒரு ராத்திரிக்கு மிச்சமாகுறது அவ்வளவுதான். காசாக்கினா அரை டீ. எல்.இ.டி. போட்டா அதுலயும் கொஞ்சம் கம்மி. இதை நம்பி யாராச்சும் முதலீடு பண்ணா அவங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்ல அரியர் நிச்சயம் :-)

காசுக் கணக்கை ஓரமா வச்சுட்டா ரெண்டு விஷயம் மிஞ்சுது. முதலாவது, இழை அறுந்து போறது. லாரியோட பின்பக்கம், அதுவும் வெத்து வண்டியா வர்றப்போ, ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போடும். தலைமுடி மாதிரி ஒரு டங்ஸ்டன் இழை அந்த உதறலை எத்தனை நாள் தாங்கும்? எல்.இ.டி.யில அறுந்து போக இழையே கிடையாது.

ரெண்டாவதுதான் என்னை அசர வச்சது. சாதா பல்பு சுவிட்ச் போட்டதும் எரியுற மாதிரி நமக்குத் தெரியும். உண்மையில இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 செகண்ட் ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி 0.2 செகண்ட்ல மூணேகால் மீட்டர் ஓடிடும். பின்னாடி வர்றவன் பிரேக்ல கால் வைக்கிறதுக்கு மூணேகால் மீட்டர் முன்கூட்டியே கிடைக்குது. தொப்பூர்ல அந்த டிரைவர் சொன்ன மயிரிழையோட இதை ஒப்பிட்டுப் பாருங்க.

இதைச் சொன்னதும் அப்பா எதுவும் பேசலை. அடுத்த நாள் காலைல "கிளம்பு, பேட்டைக்குப் போலாம்"னார்.

லாரிப்பேட்டையில எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர் பல்பைத் தொடவே இல்லை. முதல்ல மீட்டரை எடுத்தார். எங்க வண்டி 24 வோல்ட், அதாவது ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா இணைச்சது. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில 28 வோல்ட் காட்டுது. அதே நேரம் பின்னாடி பல்பு ஹோல்டர்ல வச்சுப் பார்த்தா 22! நடுவுல ஆறு வோல்ட்டை யார் தின்னது? துருதான். விளக்கோட எர்த் ஒயர் சேஸிஸ்ல முடுக்கியிருந்த போல்ட்டு, துருவும் சேறும் சேர்ந்து பணியாரம் மாதிரி ஆகியிருந்தது. சாதா பல்புல வோல்டேஜ் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சாலே வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும். அப்போ போன பல்பை மாத்தின பிறகும் எங்க வண்டி பாதி வெளிச்சத்துலதான் ஓடிட்டு இருந்திருக்கு.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது டெர்மினல் அடிச்சு, எர்த்துக்குன்னு தனியா ஒரு ஒயர் இழுத்து, மேல கிரீஸ் தடவினார். பழைய பல்பே பளிச்சுனு எரியுது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை! "இதுக்கு மேல எதுக்குடா எல்.இ.டி.?"ங்கிற பார்வை. நான் கண்டுக்கலை.

இந்த எர்த் விஷயத்தை எல்.இ.டி. போடுறவங்க கட்டாயம் கவனிக்கணும். எர்த் சரியில்லைன்னா கரண்ட் பக்கத்து விளக்கு வழியா வழி தேடும். சாதா பல்பு அந்தச் சின்னக் கரண்டுக்கு எரியாது, அதனால கோளாறு வெளிய தெரியாது. எல்.இ.டி.க்கு அதுவே போதும். பிரேக் அடிச்சா இண்டிகேட்டர் லேசா மினுங்கும், சுவிட்ச் அணைச்ச பிறகும் பேய் மாதிரி மங்கலா எரியும். உடனே "மட்டமான எல்.இ.டி."னு கடைக்காரரைத் திட்டுவோம். பாவம் அவர்.

அடுத்து கடை. அங்க ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, பழைய விளக்குக்குள்ளயே மாட்டுற எல்.இ.டி. பல்பு. இன்னொண்ணு, விளக்கையே மொத்தமா மாத்துறது. பல்பு விலை கம்மிங்கிறதால அதையே முதல்ல பார்த்தோம். கையில எங்க பழைய சிவப்புக் கண்ணாடியைக் கொண்டு போயிருந்தேன் (எலக்ட்ரீசியன் அண்ணன் யோசனை). வெள்ளை எல்.இ.டி.யை அதுக்குப் பின்னாடி வச்சா ஒரு மாதிரி சோகையான ரோஸ் கலர் வருது. வெள்ளை எல்.இ.டி.யில நீலம் ஜாஸ்தி, சிவப்பு கம்மி. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும் விட்டு மத்ததைத் தடுத்துடுது. சிவப்பு எல்.இ.டி. வச்சா நல்ல ரத்தச் சிவப்பு. சிவப்புக் கண்ணாடிக்கு சிவப்பு, மஞ்சள் கண்ணாடிக்கு மஞ்சள், இது மனப்பாடம் பண்ணிக்க வேண்டிய ஒண்ணு.

ஆனா பக்கவாட்டுல நகர்ந்து பார்த்தா அந்தச் சிவப்பும் காணோம். பழைய விளக்கோட குழிவும் கண்ணாடியில இருக்கிற கோடுகளும், நடுவுல ஒரு இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் அடிக்கும்னு நினைச்சுச் செஞ்சது. இந்தப் பல்புல எல்.இ.டி. எல்லாம் முன்னாடி பார்த்து உட்கார்ந்திருக்கு. நேரா பார்த்தா கண் கூசுது, ஓரமா பார்த்தா ஒரு புள்ளி. லாரி வளைவுல நிற்கும்போது யாரும் நேர் பின்னாடியே வரப்போறதில்லையே! சுத்திலும் சிப் வச்ச பல்பும் இருக்கு, அது பரவாயில்லை. ஆனா ஒரு விளக்குக்கு அங்கீகாரம் கொடுக்கிறது அதுக்குள்ள எந்த வகை பல்புங்கிறதையும் சேர்த்துத்தான். எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்னு வாதாட எங்களுக்குத் தெம்பு இல்லை.

அதனால அங்கீகார முத்திரை போட்ட, தண்ணி புகாம அடைச்ச முழு எல்.இ.டி. விளக்காவே ரெண்டு வாங்கினோம். டேஞ்சரும் பிரேக்கும் சேர்ந்தது. ஜோடி 1,300 ரூபாய். ஒயர், டெர்மினல், கூலி எல்லாம் 900. மொத்தம் 2,200. 12 வோல்ட் சாமானை 24 வோல்ட் வண்டில மாட்டினா அன்னிக்கே சங்குதான், அதனால 10-லிருந்து 30 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான்னு பார்த்துத்தான் வாங்கினோம்.

இண்டிகேட்டரை மட்டும் மாத்தலை. எங்க வண்டில அது தனி டப்பா, அதனால வசதியாப் போச்சு. "அதையும் மாத்திட வேண்டியதுதானே?"ன்னு கடைக்காரர் கேட்டார். இண்டிகேட்டர்ல ஒரு பல்பு போனா எங்க வண்டியோட ஃபிளாஷர் படபடன்னு வேகமா அடிக்கும். இழுக்கிற கரண்ட் குறைஞ்சதும் பல்பு அவுட்டுன்னு அது புரிஞ்சுக்கும். எல்.இ.டி. போட்டா நல்லா இருக்கும்போதே அப்படித்தான் அடிக்கும். அதை நிறுத்த ரெசிஸ்டர் ஒண்ணு மாட்டுவாங்க. 24 வோல்ட்டுக்கு ஒவ்வொரு விளக்குக்கும் 27 ஓம் மாதிரி. அது இருபது வாட்டுக்கு மேல சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக் மேல ஒட்டினா உருகிடும். அதையும் தாண்டி எனக்கு உறுத்தினது வேற. ரெசிஸ்டர் மாட்டிட்டா எல்.இ.டி. செத்தாலும் ஃபிளாஷர் சாதாரணமாத்தான் அடிக்கும். பின்பக்கத்துல இருந்து டிரைவருக்கு வர்ற ஒரே ஒரு சேதி அந்தப் படபடப்புதான். அதையும் காசு கொடுத்து வாயடைக்கணுமா? அப்பா இதை ஒத்துக்கிட்டார். (இருபத்தோரு வருஷத்துல முதல் தடவை.)

எல்.இ.டி.யும் சாகாவரம் வாங்கிட்டு வரலை. ஒரே விளக்குக்குள்ள நாலஞ்சு வரிசை இருக்கும், ஒரு வரிசை போனாலும் மீதி எரியும். "எரியுதே"ன்னு பார்த்துட்டுப் போயிடுவோம். அதனால எத்தனை புள்ளி எரியுதுன்னு எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கேன். வண்டியைச் சுவரோரமா ரிவர்ஸ்ல விட்டு பிரேக்கை மிதிச்சா சுவத்துல சிவப்பு அடிக்குதான்னு கண்ணாடியிலயே பார்த்துக்கலாம். ஒரு குறிப்பு: காத்து பிரேக் வண்டில பிரேக் லைட் சுவிட்ச் காத்தழுத்தத்துலதான் வேலை செய்யும். டேங்க்ல காத்து இறங்கியிருந்தா பெடலை மிதிச்சாலும் எரியாது. லைட் போச்சுன்னு பயந்துடாதீங்க, இஞ்சினை ஓட விட்டு காத்து ஏறின பிறகு பாருங்க.

அன்னிக்கு ராத்திரி அப்பா கேபின்ல உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, நான் ரோட்டோரமா இருநூறு அடி வச்சுப் பின்னாடி போய் நின்னு பார்த்தேன். அப்புறம் இடது பக்கம் வயலுக்குள்ள இறங்கி நின்னு பார்த்தேன். அங்க இருந்தும் ரெண்டு விளக்கும் நல்லாத் தெரிஞ்சுது. "தெரியுதா தம்பி?"ன்னு கேபின்ல இருந்து குரல். தெரியுதுன்னு கத்தினேன். நம்பாம என்னை உள்ள உட்கார வச்சு மிதிக்கச் சொல்லிட்டு, அவரே பின்னாடி நடந்து போனார். பக்கத்துக் கண்ணாடியில பார்த்தா ரொம்ப நேரம் அங்கேயே நின்னுட்டு இருந்தார். எனக்குக் கால் வலிச்சுது, இருந்தாலும் பெடலை விடலை.