தோட்டாவின் முனை

வெண்பாவில் தளை தட்டினாலே சிவப்பு மையைத் தேடும் தொழில் நம்முடையது. ஆகவே, ஆறு தோட்டாக்களே கொள்ளும் ரிவால்வர் திரையில் பத்து முறை வெடிக்கையில் எண்ணாமல் இருக்க இயல்வதில்லை. (வீட்டார் நம்மோடு அதிரடிப் படம் பார்க்க மறுப்பது இதனால்தான்.) 'சைலன்சர்' பொருத்தினால் இருமல் அளவே ஓசை எழும் என்பதும் புனைவு, வெடியோசையை அது ஓரளவு தணிக்கும், அவ்வளவே. மைக்கேல் மானின் 'ஹீட்' (1995) அரிய விலக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் வீதிச் சண்டையில், படப்பிடிப்பின்போதே பதிவான ஓசை கட்டடங்களில் மோதித் திரும்புகிறது. தோட்டா தீர்ந்தால் நிரப்பவும் செய்கிறார்கள்.

நிற்க. நம்மை உறுத்துவது வேறு. ஓசையிலும் எண்ணிக்கையிலும் அலட்சியமான திரையுலகம், தோற்றத்தில் மட்டும் துல்லியம் கோருகிறது. ரிவால்வரை முன்னிருந்து குளோசப்பில் எடுத்தால் உருளையில் தோட்டா முனைகள் தெரியவேண்டும். 'தி க்ரோ' படத்துக்காக அசல் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டுப் போலிகள் செய்தார்கள். ஒன்றின் அடியில், தட்டினால் பற்றும் வெடிமூட்டி எஞ்சியிருந்தது. அதன் சிறு வெடிப்பு முனையைக் குழலுக்குள் தள்ளிச் செருகிவிட்டது. குழலை எவரும் சோதிக்கவில்லை. பின்னர், 1993 மார்ச் 31 அன்று, அதே துப்பாக்கியில் முனையற்ற வெற்றுத் தோட்டாவை இட்டுச் சுட்டபோது, செருகியிருந்த முனை பாய்ந்து பிராண்டன் லீயின் வயிற்றில் தைத்தது. புரூஸ் லீயின் மகன், வயது 28. சுட்ட நடிகரைக் குறைகூற நமக்கு மனமில்லை. கையில் தரப்பட்டதை அவர் சுட்டார்.

படம் 1994-இல் வெளிவந்தது. அன்று பதிவான காட்சி அதில் இல்லை.