மூச்சில் ஒரு கணக்கு

நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு. வெளிவிடும் மூச்சிலோ 16 பங்களவே எஞ்சுகின்றது. குறைந்த பங்கு நம் உடலென்னும் அடுப்பில் செலவாயிற்று. ஒரு லிட்டர் செலவானால் சுமார் 5 கிலோகலோரி வெப்பம் பிறக்கும். மூச்சை அளந்தால் உடல் எரிக்கும் உணவையும் அறியலாம்.

1790-ஐ ஒட்டிப் பாரிசில் விஞ்ஞானி லவாசியே, தம் உதவியாளர் செகேனுக்கு முகமூடி பொருத்தி இதனை அளந்தார். அருகமர்ந்து குறிப்பெடுத்த துணைவியார் மரி ஆன் அக்காட்சியைச் சித்திரமாகவும் வரைந்தார். செகேன் ஓய்ந்திருந்தபோது ஆன செலவு, உழைத்தபோது இரு மடங்குக்கும் மேலாயிற்று.

இவ்விடத்தில் லவாசியே எண்களோடு நின்றுவிடவில்லை. கையுழைப்பால் பிழைக்கும் ஏழையின் உடல் மிகுதியாக எரிக்கின்றது. அவன் கலத்திலோ உணவு குறைவு. சோம்பியிருக்கும் செல்வனுக்கோ தேவைக்கு மிஞ்சிக் கிடைக்கின்றது. இது என்ன விதி என்று ஆய்வுரையிலேயே வினவினார். வினவியவர் யார்? மக்களிடம் அரசனுக்காக வரி தண்டிய குழுவில் பங்காளி! அதன்பொருட்டே 1794 மே 8-இல் கில்லட்டினில் அவர் தலை வீழ்ந்தது.

கருவிகள் பின்னர் எளிமையுற்றன. 1911-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் டக்ளஸ், மூச்சைப் பிடித்து வைக்கும் பையொன்றை அமைத்தார். இன்று சில மருத்துவமனைகளில், கடும் நோயுற்றோர்க்கு அவரவர் மூச்சை அளந்தே உணவின் அளவை வகுக்கின்றனர்.